இராமானுஜம் கப்பலில் வந்தவர்கள்

கப்பல் கவிழ்ந்தால் செய்தி. பத்திரமாகக் கரை சேர்ந்த கப்பலைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. 1864இல் இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழ்க் கூலிகளை ஏற்றிச் சென்ற ‘ஆதிலட்சுமி’ என்ற கப்பல் கடலில் மூழ்கியது. மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதியவர்கள் அந்தப் பெயரை மறக்காமல் குறித்து வைத்திருக்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த மக்களின் வழிவந்தவர்களை எதிர்த்திசையில் கொண்டுவந்து சேர்த்த கப்பல்களில் ஒன்று ‘இராமானுஜம்’. அது மூழ்கவில்லை. தலைமன்னாரில் ஏறியவர்களை இராமேஸ்வரத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது. ஆனால் ஏறியவர்களின் வேலை, வீடு, கொடுக்கல் வாங்கல், கூடப் பிறந்தவர்கள், பெற்றோரைப் புதைத்த இடம் எல்லாம் அக்கரையிலேயே நின்றுவிட்டன. கோத்தகிரியிலிருந்து சேரம்பாடி வரை நீலகிரித் தேயிலைக்கு நடுவே வரிசை வரிசையாக நிற்கிற எத்தனையோ லைன் வீடுகளின் கதை அந்தக் கடல் துறையில்தான் தொடங்குகிறது.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன சனம், முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாக இலங்கையின் மலைகளை வெட்டித் திருத்தியது. இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம், தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்பதற்குக் காகிதம் கேட்டது. லயம் என்ற தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவனிடம் ஏது காகிதம்? அடுத்த ஆண்டு இன்னொரு சட்டம் வந்தது. 1946க்கு முன்பு தொடர்ந்து ஏழாண்டு வசித்திருந்தால் மணமானவர்களும், பத்தாண்டு வசித்திருந்தால் மணமாகாதவர்களும் விண்ணப்பிக்கலாம் என்றது. எட்டு லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்ததில் சுமார் 1,34,000 பேருக்குத்தான் குடியுரிமை கிடைத்தது. 1947 தேர்தலில் தோட்டப் பகுதிகளிலிருந்து ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களில் பெரும்பாலானவர்களுக்கு அடுத்த தேர்தலில் ஓட்டே இல்லை. அந்த ஏழு பேரில் ஒருவரான தலவாக்கலை உறுப்பினர் சி.வி. வேலுப்பிள்ளை பின்னாளில் எழுதிய நூலின் தலைப்பு ‘நாடற்றவர் கதை’.

இப்படி எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நின்றவர்கள் 9,75,000 பேர் என்று இரண்டு அரசுகளும் கணக்குப் போட்டன. 1964 அக்டோபர் 30 அன்று டெல்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தைப் பத்தாண்டு கழித்து இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஏழு பேர் இங்கே என்றால் நான்கு பேர் அங்கே, பதினைந்து ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று விகிதமும் கெடுவும் எழுதினார்கள். எண்ணப்பட்டவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் அண்ணன் இந்தியப் பிரஜையாகவும் தம்பி இலங்கைப் பிரஜையாகவும் ஆனது அந்தக் கணக்கினால்தான்.

ஒப்பந்தத்தின் மை காய்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதுவரை தலைமன்னார்க் கப்பல் வந்து நின்ற துறை அதுதான். போட் மெயில் ரயிலில் வந்து கப்பல் மாறி கொழும்புக்குப் போன பாதை கடலோடு போயிற்று. அதனால்தான் தாயகம் திரும்பியவர்களின் முதல் இந்திய மண் தனுஷ்கோடியாக இல்லாமல் இராமேஸ்வரமாக ஆனது.

ஹட்டன், நானுஓயா, கண்டி ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்படும் ரயிலுக்கு மலையகத்தில் ‘அழுகைக் கோச்சி’ என்று பெயர். வழியனுப்ப ஒரு தோட்டமே வந்து நிற்கும். வண்டி நகர்ந்ததும் பிளாட்பாரமும் பெட்டியும் ஒரே குரலில் அழும். சாவு வீட்டில் அழுவதுபோலத்தான் அழுதார்கள் என்று அந்தத் தலைமுறை ஆட்கள் சொல்வதுண்டு. திரும்பப் பார்க்கப் போவதில்லை என்பது இரு பக்கத்துக்கும் தெரியும். விசாவும் பாஸ்போர்ட்டும் வாங்கித் தங்கச்சி கல்யாணத்துக்குப் போய்வருகிற வசதி கொழுந்து கிள்ளுகிறவர்களிடம் எப்படி இருக்கும்?

கரையேறியதும் மண்டபம் முகாம். இந்த இடத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். இந்திய மண்ணில் இருந்தாலும் அது ஒரு காலத்தில் இலங்கை அரசு நடத்திய முகாம். தோட்டங்களுக்குப் போகிற கூலிகளைப் பிடித்து வைத்து, அம்மை காலரா இருக்கிறதா என்று பார்த்து, ஊசி போட்டு, பெயர் பதிந்து அனுப்புவதற்காகக் கட்டியது. தாத்தனையும் பாட்டியையும் ஆட்டு மந்தைபோல் சோதித்து ஏற்றிவிட்ட அதே வளாகத்தில் பேரன் பேத்திகளை வரிசையில் நிற்கவைத்துக் குடும்ப அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டையில் குடும்பத்தில் யார் யார், எங்கே போக வேண்டும், என்ன உதவி என்று எழுதியிருக்கும். பிறகு வந்த அத்தனை சலுகைக்கும் சான்றிதழுக்கும் அதுவே வேர். அட்டையை மழையில் நனையவிட்டவர்கள், அடகு வைத்து மீட்காதவர்கள், தீயில் விட்டவர்கள் அடுத்த ஐம்பது ஆண்டு அதற்காக அலைந்தார்கள்.

அனுப்பப்பட்ட இடங்களின் பெயரே அவர்களுக்குப் புதிது. கன்னியாகுமரியிலும், கேரளத்தில் புனலூர்ப் பக்கத்திலும், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பக்கத்திலும் ரப்பர்த் தோட்டங்கள். நிக்கோபாரின் கச்சால் தீவில்கூட ரப்பர். சிலருக்கு நூற்பாலை வேலை. மிகப் பெரும்பான்மைக்கு வியாபாரக் கடன் என்ற பெயரில் ஐயாயிரம் ரூபாய் வரை. இந்தக் கடைசித் திட்டத்தை யோசித்தவர்கள் தோட்டத்து வாழ்க்கையை ஒரு நாள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, கொழுந்து எடுத்து, மாத முடிவில் துரை போட்ட பற்றுக் கழித்து மிச்சம் வாங்குகிறவர்கள் கடை வைத்து என்ன விற்பார்கள், யாரிடம் விற்பார்கள்? தாத்தன் புறப்பட்ட கிராமத்தில் போய் நின்றால் பங்காளிக்கு அடையாளம் தெரியவில்லை. அடையாளம் தெரிந்தவனுக்கோ நிலத்தில் பங்கு கேட்டுவிடுவார்களோ என்ற பயம். கடன் பணம் ஒன்றிரண்டு வருஷத்தில் தீர்ந்தது. தரகர்கள் வந்து ‘மலையில் வேலை இருக்கிறது’ என்றார்கள். கொடைக்கானல் மலைக் காடுகளில் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களில் பலர் இப்படிப் போனவர்களே. இன்னும் பலர் கேள்விப்பட்டுக் கேள்விப்பட்டு நீலகிரிக்கு ஏறினார்கள். அவர்களை அரசு அனுப்பவில்லை, அங்கே தேயிலை இருந்தது, அதனால் போனார்கள்.

அரசே நீலகிரிக்கு அனுப்பியவர்களின் கதை வேறு. 1968இல் தமிழக வனத்துறை தன் காட்டு நிலத்தில் அரசுத் தேயிலைத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், பின்னர் கோவை மாவட்ட வால்பாறை. 1970களின் நடுவில் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் என்ற தனி நிறுவனமாகி, குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்டது. மக்கள் வாயில் அது டான்டீ. தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்கென்றே வளர்ந்த அந்த நிறுவனம் நாலாயிரம் ஹெக்டேருக்கு மேல் தேயிலை நட்டது. டைகர் ஹில், குயின்சோலை, பாண்டியார், நெல்லியாளம், சேரங்கோடு, சேரம்பாடி என்று தொழிற்சாலைகள் எழுந்தன.

தேயிலையை யார் நட்டார்கள் என்பது முக்கியம். புதுத் தோட்டம் என்றால் காட்டை வெட்டி, வேர் பிடுங்கி, சரிவில் வரிசைக் குழி போட்டு, நாற்று வைத்து, நிழல் மரம் நட்டு, மூன்று நான்கு வருஷம் காத்திருந்த பிறகுதான் முதல் கொழுந்து. அத்தனையும் தெரிந்த கைகள் கப்பலில் வந்திருந்தன. கவாத்து வெட்டினால் எந்த உயரத்தில் நிறுத்த வேண்டும், மட்டம் உடைக்காமல் இரண்டு இலை ஒரு அரும்பு எப்படிக் கிள்ள வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நுவரெலியாப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குக் குன்னூர்க் குளிர் புதிதல்ல. இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து ரப்பர்க் காட்டிலிருந்து வந்தவர்கள்தான் முதல் டிசம்பரில் நடுங்கிப் போனார்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் குளிர் குறைவு, மழை அதிகம். தேவாலாவில் ஆனி ஆடி மாதத்தில் பெய்கிற மழைக்குச் சமவெளிக்காரர்கள் குடையை மடித்துவிட்டு ஓடுவார்கள். இவர்கள் கொங்காணியைத் தலையில் போட்டு, காலில் ஏறும் அட்டையைச் சுண்ணாம்பு வைத்து உதறிவிட்டு மலையேறினார்கள். அட்டை அங்கேயும் உண்டே.

அன்று கொடுத்த வீடு லைன் வீடுதான். பந்தலூர்ப் பக்கம் மலையாள வழக்கில் பாடி என்பார்கள். ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் ஒட்டுத் திண்ணை, பொதுக் குழாய். இலங்கையில் விட்டுவந்த லயத்துக்கும் இதற்கும் அளவில் பெரிய வித்தியாசமில்லை. இன்னொரு ஒற்றுமையும் இருந்தது, அதை அன்று யாரும் பெரிதாக எண்ணவில்லை: வேலை இருக்கும் வரைதான் வீடு. கடல் கடந்து வந்தும் கங்காணி காலத்து ஏற்பாடு மாறவில்லை. எனக்குத் தோன்றுவது, மற்ற எல்லா மறுவாழ்வுத் திட்டங்களையும்விட டான்டீ மேலானது, மாதச் சம்பளமும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் தந்தது. ஆனால் சொந்தமாக ஒரு செங்கல்கூடத் தராமல் ஒரு தலைமுறையையே குடியிருக்க வைத்த குறை அதன் அஸ்திவாரத்திலேயே இருந்தது.

உள்ளூரும் உடனே கை நீட்டி வரவேற்றுவிடவில்லை. படுகர் கிராமங்களின் காய்கறித் தோட்டங்களும் சிறு தேயிலைத் தோட்டங்களும் இவர்களின் கூலி உழைப்பை வாங்கிக்கொண்டன. கூடவே ‘சிலோன்காரன்’ என்ற பெயரையும் ஒட்டின. மார்க்கெட்டில், பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர் வசவாகவே பல காலம் புழங்கியது. இலங்கையில் ‘கள்ளத் தோணி’, இங்கே ‘அகதி’. இந்தியக் குடியுரிமையைக் கையில் வாங்கிக்கொண்டு, இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி அரசே கூட்டிவந்தவர்கள் இவர்கள். அகதி என்ற சொல் சட்டப்படி இவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. இன்றைக்கும் பத்திரிகைகளில் இந்தக் குழப்பம் வருகிறது. 1983க்குப் பிறகு போர் துரத்தித் தோணியில் வந்தவர்களையும் இவர்களையும் ஒன்றாக எழுதிவிடுகிறார்கள். குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. 1983இல் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தைத் தொடர்ந்து 1984இல் கப்பல் போக்குவரத்து நின்றுபோனதால், இந்தியக் குடியுரிமை வாங்கிவைத்திருந்தும் ஏற முடியாமல் பல்லாயிரம் பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். மலையகத்தார் சிலர் கலவரத்துக்குத் தப்பி அகதியாகவே வந்து முகாம்களில் அடைபட்டார்கள். மொத்தத்தில் ஒப்பந்தப்படி வந்து சேர்ந்தவர்கள் சுமார் 4.6 லட்சம் பேர், அங்கே பிறந்து கூடவே வந்த பிள்ளைகளையும் சேர்த்து.

அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிவது சாப்பாட்டில் அல்ல. ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கோத்தகிரி லைன்களில் இன்னும் காலைச் சாப்பாடுதான். சர்க்கரையைச் சீனி என்பதும், கேட்டுக் கேட்டு ‘வெளங்குதா?’ என்பதும் பாட்டிகளிடம் மிச்சமிருக்கிறது. வித்தியாசம் தெரிவது காலை ஏழரை மணிக்கு. அந்த நேரத்தில் மலைக்குப் போகிற வரிசையில் நாற்பதுக்குக் கீழே ஆள் பார்ப்பது அரிது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், மகள் கோயம்புத்தூரில் ஜவுளிக்கடையில் அல்லது நர்சிங் படிப்பில். படித்து ஆசிரியராகவும் வக்கீலாகவும் அரசு ஊழியராகவும் ஆனவர்களும் இருக்கிறார்கள். தன் பிள்ளை கூடை தூக்கக் கூடாது என்று சபதம் போட்ட தாய்மார்களின் சபதம் நிறைவேறியிருக்கிறது. இதை வெற்றி என்றே சொல்ல வேண்டும். எவரும் வருந்த வேண்டியதில்லை, தேயிலைக் கழகத்தைத் தவிர.

நீலகிரியின் பல எஸ்டேட்களில் இப்போது கொழுந்து எடுப்பது ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்கள். கையால் கிள்ளுவது குறைந்து கத்தரியும் மெஷினும் வந்துவிட்டன. லைன் வாசலில் இந்திப் பாட்டுக் கேட்கிறது. பத்து வருஷம் கழித்து அவர்களையும் ‘எங்கிருந்தோ வந்தவர்கள்’ என்று கூடலூர் கடைத்தெரு சொல்லும், சிலோன்காரர்களின் பேரன்களும் சேர்ந்துதான் சொல்வார்கள். மனுஷ சுபாவம்.

தேயிலைக் கழகத்தின் கணக்கு பல ஆண்டுகளாக நஷ்டத்தில் ஓடியது. தேயிலை விலை ஏறாமல் நின்றது, ஆள் குறைந்தது, பராமரிக்க முடியாத மலைகள் புதரேறின. 2022 அக்டோபரில் தமிழக அரசு 2,152 ஹெக்டேர் தேயிலை நிலத்தை வனத்துறையிடமே திரும்ப ஒப்படைக்க உத்தரவிட்டது. நட்ட பரப்பில் ஏறக்குறைய பாதி. எந்தத் துறை காட்டை வெட்டித் தேயிலை நட ஆள் கூட்டிவந்ததோ அதே துறை அதைக் காடாக்கத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. தொழிலாளர்கள் கொதித்தார்கள். கூடலூரிலும் பந்தலூரிலும் கட்சி வேறுபாடு இல்லாமல் போராட்டம் நடந்தது.

சுற்றுச்சூழல் நோக்கில் இந்த உத்தரவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கூடலூரும் பந்தலூரும் முதுமலைக்கும் வயநாட்டுக்கும் நிலம்பூருக்கும் இடையே யானை நடக்கிற வழி. அந்த வழியில் தேயிலை நட்டது 1960களின் அரசுத் தீர்மானம், கூலியாகக் கொண்டுவரப்பட்டவர்களின் விருப்பமல்ல. ஆனால் தீர்மானத்தின் செலவைக் கட்டுவது யார் என்று பாருங்கள். கிள்ளாமல் விட்ட தேயிலை இரண்டு மூன்று வருஷத்தில் ஆள் உயரம் தாண்டி மரமாகிறது. அடியில் உண்ணிச்செடி மூடுகிறது. அதற்குள் யானை நின்றாலும் தெரியாது, சிறுத்தை படுத்தாலும் தெரியாது. லைன் வீட்டுக்கும் புதருக்கும் இடையே பத்தடி. 2022 டிசம்பரில் பந்தலூர்ப் பக்கம் பிடிபட்ட கொம்பில்லாத மக்னா யானைக்கு மக்கள் வைத்த பெயர் ‘அரிசி ராஜா’. வீட்டுச் சுவரை இடித்து உள்ளே தும்பிக்கை விட்டு அரிசி தின்றதால் வந்த பெயர். நாற்பது ஐம்பது வருஷம் முன்பு போட்ட மண் கலவைச் சுவர் அதற்கு எம்மாத்திரம்?

டான்டீக்கு வெளியே, தாங்களாகவே மலையேறி வந்தவர்களின் இன்றைய நிலை இதைவிடச் சிக்கல். கூடலூர் நிலம் முன்பு நிலம்பூர்க் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம நிலம், அதாவது பரம்பரை உரிமை நிலம். 1969இல் ஜன்ம ஒழிப்புச் சட்டம் நிறைவேறி, 1974இல் நடைமுறைக்கு வந்தபோது சுமார் 80,000 ஏக்கர் அதில் சிக்கியது. அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வருகிற நிலம் யாருக்கு என்பது பல பத்தாண்டுகளாக முடியாத வழக்கு. கடன் பணம் தீர்ந்து மலையேறியவர்கள் குடிசை போட்டு, அரை ஏக்கர் ஒரு ஏக்கர் தேயிலை வைத்தது பெரும்பாலும் இந்த ‘செக்‌ஷன் 17’ நிலத்தில். கூடலூரில் அந்த எண்ணைச் சொன்னால் விளக்கம் கேட்க மாட்டார்கள். பட்டா கிடையாது, பட்டா இல்லாததால் பல வீடுகளுக்கு நெடுங்காலம் மின் இணைப்பு கிடைக்கவில்லை, வங்கிக் கடன் கிடையாது. போதாததற்கு, நாடு முழுவதுக்கும் காட்டின் இலக்கணத்தை மாற்றி எழுதிய கோதவர்மன் வழக்கு பிறந்ததும் இங்கேதான். கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு கூடலூர்க் காடு அழிவதைக் காட்டி 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு, பதிவேட்டில் காடு என்று இருப்பதெல்லாம் காடுதான் என்றது. அந்தத் தீர்ப்பு மரங்களைக் காப்பாற்றியது என்பதில் சந்தேகமில்லை. விளக்கு எரியாத வீட்டில் பிள்ளைகள் மண்ணெண்ணெய் புகையில் பரீட்சைக்குப் படித்ததும் அதே சிக்கலின் இன்னொரு பக்கம்.

2006இல் வன உரிமைச் சட்டம் வந்தபோது நம்பிக்கை பிறந்தது. பழங்குடிகளுக்கு 2005 டிசம்பர் 13க்கு முன்பு குடியிருந்தால் போதும். மற்றவர்களுக்கோ அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது எழுபத்தைந்து ஆண்டு, அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். 1970களில் கப்பலேறி வந்தவர் எழுபத்தைந்து ஆண்டுக்கு எங்கே போவார்? 1949இல் கொழும்பு கேட்ட கேள்விதான் இது: எப்போதிலிருந்து இங்கே இருக்கிறாய், காட்டு காகிதத்தை. அங்கே கேட்டபோது இவர்கள் நூறு வருஷமாக அங்கே இருந்தார்கள், காகிதம் இல்லை. இங்கே கேட்கும்போது காகிதம் இருக்கிறது, கப்பல் வந்த தேதியோடு முத்திரை குத்தி இருக்கிறது. அந்தத் தேதிதான் போதவில்லை.

சாதிச் சான்றிதழிலும் இதே கதை நடந்தது. வந்தவர்களில் பெரும்பகுதி தாழ்த்தப்பட்ட சமூகத்தினர். சான்று கேட்டால் பூர்வீக ஊர் எது, அங்கே விசாரிக்க வேண்டும் என்பார் தாசில்தார். பூர்வீக ஊரில் நூறு வருஷத்துக்கு முன் புறப்பட்டவரை யார் நினைவு வைத்திருப்பார்கள்? தகப்பன் பெயரில் இருக்கிற குடும்ப அட்டையைக் கொண்டுபோய் அரசாணையைக் காட்டி வாதாடி வாங்க வேண்டும். வாங்கத் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குப் போயிற்று.

மாறிய ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே ஓட்டுப் பறிக்கப்பட்டு வந்தவர்கள் இங்கே ஓட்டால் எண்ணப்படுகிறார்கள். தொகுதி மறுசீரமைப்புக்குப் பின் நீலகிரி மக்களவைத் தொகுதியும் கூடலூர் சட்டமன்றத் தொகுதியும் தனித் தொகுதிகள். கூடலூரில் நிற்கிற எந்தக் கட்சி வேட்பாளரும் லைன் வீட்டுத் திண்ணையில் உட்காராமல் பிரசாரம் முடிக்க முடியாது. கட்சிக்கொரு தொழிற்சங்கம் இருக்கிறது. உள்ளாட்சியில் கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள் உறுப்பினர்களாகிறார்கள். தாயகம் திரும்பியோருக்காக 1969இல் சென்னையில் தொடங்கிய கூட்டுறவு வங்கியான ரெப்கோவின் பெயர்ப்பலகையை இன்று தமிழகத்தின் பல நகரங்களில் பார்க்கலாம். அந்தப் பெயரின் முதல் எழுத்துகள் யாரைக் குறித்தன என்பது அங்கே நகைக்கடன் வாங்குகிற பலருக்குத் தெரிந்திருக்காது.

கடலும் மாறிவிட்டது. கடிதத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்த அண்ணன் தம்பி குடும்பங்கள் இப்போது வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகின்றன. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். அதே ஆண்டில் மலையக மக்கள் தங்கள் முன்னோர் இலங்கைக்கு வந்த 200ஆம் ஆண்டை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். முதல் கூலிகள் காடு வழியே நடந்து, நோயில் விழுந்து செத்த அதே திசை. தமிழகத்தில் அந்த ஆண்டு பெரிதாகப் பேசப்படவில்லை. நம்மிடமிருந்து புறப்பட்டு, நம்மிடமே திரும்பியவர்களின் கணக்கு நம் புத்தகங்களில் ஒரு பக்கம்கூட ஆகவில்லை என்பது எனக்கு உறுத்தல்தான்.

ஆனால் நினைவுச் சின்னத்தைவிட அவசரமானது வீடு. டான்டீயில் முப்பது வருஷம் கொழுந்து எடுத்த பெண் ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். காலி செய்தால்தான் பணிக்கொடை கைக்கு வரும் என்று நிறுத்தி வைக்கிற வழக்கம் இருந்தது. காலி செய்து எங்கே போவது? திருப்பூரில் மகன் இருக்கிற ஒற்றை அறைக்கா? ஓய்வு பெற்றோருக்கு வீடு கட்டித் தரும் அறிவிப்புகள் வந்திருக்கின்றன, சில இடங்களில் வேலையும் நடந்திருக்கிறது. டான்டீ நிலம் வனத்துறைக்குச் சொந்தமானது, வனப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது, பட்டா கொடுப்பது சுலபமில்லை என்று அதிகாரிகள் சொல்வது உண்மைதான். ஆனால் இந்தத் தடை நேற்று முளைக்கவில்லை. 1980இல் வந்த சட்டம் அது. அதற்குப் பின் அரைநூற்றாண்டு நெருங்கப் போகிறது.

இதே இந்திய அரசு இலங்கை மலையகத்தில் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். அங்கே தங்கிவிட்ட தோட்டத் தொழிலாளர்களுக்கு முதலில் 4,000 வீடு. 2017 மே மாதம் நோர்வூட் கூட்டத்தில் பிரதமர் மோடி அறிவித்தது இன்னும் 10,000. லயத்தை விட்டு வெளியே தனித்தனி வீடு, வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம். நம் அளவில் நாலு சென்ட்டுக்குச் சற்று மேல். நல்ல காரியம், நம் வரிப்பணத்தில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று. அக்கரையில் நின்றுவிட்ட தம்பிக்கு இந்தியா கட்டிக் கொடுக்கிறது. ஒப்பந்தப்படி இந்தியா ஏற்றுக்கொண்டு கூட்டிவந்த அண்ணன் சேரம்பாடியில் இன்னும் கழகத்துக்குச் சொந்தமான கூரையின் கீழே இருக்கிறார். வனத்துறைக்குத் திரும்பப் போகிற 2,152 ஹெக்டேரில் யானை நடக்காத, ஊரை ஒட்டிய சில துண்டுகளை முதலில் ஒதுக்கி, பெண்கள் பெயரில் அந்த நாலு சென்ட்டை இங்கேயும் எழுதிக் கொடுங்கள். மிச்சத்தைத் தாராளமாகக் காடாக்குங்கள்.